ஒரு எண்ணும் ஒரு வசவும்

வியாழக்கிழமை மதியம், வேலைக்கு நடுவில், நைரிக்குச் செய்தி அனுப்பினேன். "ஞாயித்துக்கிழமை ரேஸ். துறைமுக மேடு. மண்ணு காஞ்சு கெடக்கு, ஆனா தெக்குக் காத்து மழையோட வரும்னு சொல்றாங்க. என் நம்பரச் சொல்லு."

நம்பர் என்றால் செயின்வீலின் பல் எண்ணிக்கை. எங்கள் ரேஸ் சைக்கிளில் பெடலோடு சுற்றும் செயின்வீல் ஒன்றே ஒன்றுதான் உண்டு. பின்சக்கரத்தில் ஒரு டஜன் கியர் இருக்கலாம். முன்னால் எதை மாட்டிக்கொண்டு கிளம்புகிறோமோ அதோடுதான் ரேஸ் முழுக்கக் குடும்பம் நடத்தவேண்டும். முப்பத்தாறு பல் மாட்டினால் சமதளத்தில் பறக்கலாம், ஏற்றத்தில் தொடை பிய்ந்துபோகும். முப்பது மாட்டினால் ஏற்றம் சுகம். சமதளத்தில் கால் மட்டும் பேய்பிடித்த மாதிரி சுற்றும், சைக்கிள் நகராது. நடுவில் முப்பத்திரண்டும் முப்பத்துநாலும் இருக்கின்றன. மண், மழை, மேடு, கால் எல்லாவற்றையும் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும்.

இதில் ஒரு கேடு என்னவென்றால், யாரும் தனக்குத்தானே நேர்மையாகத் தேர்ந்தெடுப்பதில்லை. எல்லோரும் போன வருஷத்துக் காலுக்குத்தான் செயின்வீல் மாட்டுகிறார்கள். பெரிய எண் என்றால் பெரிய ஆள் என்று ஒரு நினைப்பு. நானும் அப்படித்தான், நைரியும் அப்படித்தான். அதனால் நாங்கள் சேர்ந்து ஓட்ட ஆரம்பித்த முதல் கோடையிலேயே ஒரு சட்டம் போட்டோம். அவளுடைய எண்ணை நான் சொல்வேன், என்னுடையதை அவள் சொல்வாள். மறுபேச்சு கிடையாது. எண்ணோடு சேர்ந்து ஒரு வசவும் வரும். அது சட்டத்தில் இல்லை, தானாக வந்து ஒட்டிக்கொண்டது. நைரியின் வசவு இப்படி வரும்.

"முப்பத்திரண்டு. அதுக்கு மேல மாட்டின, உன் முட்டி வக்கீல் நோட்டீஸ் அனுப்பும்."

"முப்பத்துநாலு. போன ரேஸ் முழுக்க உன் முதுகையே பாத்துகிட்டு வந்ததுல எனக்குத் தூக்கமே வந்துடுச்சு. கொஞ்சம் வேகமாப் போய்த் தொலை."

நானும் சும்மா இருக்கமாட்டேன். "இருபத்தெட்டு. பொதிமாடு மாதிரி ஏறு. யாரும் சிரிக்கமாட்டாங்க, நான் மட்டும் சிரிப்பேன்."

இப்படிப் பதினோரு கோடை ஓடியது. பிறகு அவள் கணவனுக்குப் பிரிஸ்பேனில் வேலை கிடைத்தது, போய்விட்டாள். சண்டையில்லை, சச்சரவில்லை. விமான நிலையத்தில் கட்டிப்பிடித்து, "ஆஸ்திரேலியாவுல மேடே கெடையாது, நீ அம்பது பல் மாட்டிக்கலாம்" என்று நான் சொன்னேன், அவள் என் தோளில் குத்தினாள். அவ்வளவுதான். முதல் வருஷம் நான் செய்தி அனுப்பி போனைக் கீழே வைப்பதற்குள் எண் வந்துவிடும், வசவோடு. அடுத்த வருஷம் சாயங்காலம் வந்தது. இந்தக் கோடையின் முதல் இரண்டு ரேஸுக்கு எண் மட்டும் வந்தது. 32 என்று வெறுமையாக. முற்றுப்புள்ளிகூட இல்லை.

அதைப் பார்த்து நான் அழவில்லை. ஏதோ அவசரத்தில் இருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் இந்த முறை எனக்கு வசவும் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தேன். முப்பத்தொன்பது வயதில் ஒருத்திக்கு இதெல்லாம் ஒரு பிடிவாதமா என்றால், ஆமாம், பிடிவாதம்தான்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்து டெஸ்ஸின் கடைக்குப் போனேன். நான் பல்செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். பகலெல்லாம் பல், சனி ஞாயிறும் பல் என்று நைரி கேலி செய்வாள். டெஸ்ஸுக்கு அறுபது வயதிருக்கும். எங்கள் ஊரான டனீடினில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், ரேஸ் நாளில் மைக்கைப் பிடித்துக்கொண்டு அறிவிப்பாளராகவும் இருப்பார். அவருக்கு வாய் மூடும் நேரம் தூங்கும் நேரம் மட்டும்தான்.

"வாம்மா கிர்ஸ். என்ன மாட்டப்போற?"

"இன்னும் தெரியல."

"நாளன்னைக்கு ரேஸ். இன்னும் தெரியலையா?"

"நைரி சொல்லல."

டெஸ் கையிலிருந்த எண்ணெய்த் துணியைக் கீழே வைத்தார். "அவ பிரிஸ்பேன்ல நீச்சல்குளத்துக்குப் பக்கத்துல உக்காந்துகிட்டு நம்ம ஊர் களிமண்ணுக்கு ஜோசியம் சொல்லணுமாக்கும்?"

"இத்தன நாளும் சொன்னாளே."

"பதினோரு வருஷம் இங்க இருந்து சொன்னா. சரி, நான் சொல்றேன் கேளு. முப்பத்துநாலு."

"உங்க கடையில முப்பத்துநாலுதான் விக்காம கெடக்கு."

"அதுவும் ஒரு காரணம்தான்" என்றார், கொஞ்சமும் வெட்கப்படாமல். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு ஒரு போன் போட்டுக் கேளேம்மா. என்ன, கடிச்சா தின்னுடுவா?"

நான் ஒரு பிரேக் கட்டையை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வைத்தேன். போன் போடலாம். போட்டு, "ஏன் என்னைத் திட்டவில்லை?" என்று கேட்பதா? சட்டத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கமுடியாது. கேட்டு வாங்கினால் அது வசவாகவும் இருக்காது.

சனிக்கிழமை காலையில் மேட்டில் பயிற்சி ஓட்டம். பைன் மரங்களுக்கு அடியில் கார்கள் நிறுத்துகிற இடத்துக்கு வெளியூர்க்காரர் யாராவது வந்து எங்களைப் பார்த்தால் பைத்தியங்கள் என்றுதான் நினைப்பார். நிறுத்தியிருக்கும் எல்லா சைக்கிளுக்கும் பெடல் பக்கத்தில் ஒரு கம்பளிக் குல்லாய் மாட்டியிருக்கும். சிலது பழைய சாக்ஸ், ஒன்றிரண்டு தேநீர்க் கெட்டில் உறை. பக்கத்தில் இருப்பவள் நம் செயின்வீலின் பல்லை எண்ணிவிடக்கூடாது, அதற்குத்தான். எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டே மற்றவர் குல்லாய்க்கு அடியில் கண்ணை விட்டுக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை புறப்படும் கோட்டில் வந்து நிற்கும்போதுதான் எல்லோர் முன்னாலும் குல்லாயைக் கழற்றுவது வழக்கம்.

நைரியும் நானும் இரண்டு குல்லாய் பின்னி வைத்திருந்தோம். அவள் பின்னினாள் என்று சொல்லவேண்டும், நான் நூலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு நான் என்னுடையதை மாட்டவில்லை. போன ரேஸின் முப்பத்திரண்டு பல் வெறுமனே தெரிந்துகொண்டிருந்தது.

"என்னக்கா, தொறந்து போட்டுருக்கீங்க? நாங்க பாத்து ஏமாறணும்னு ஏற்பாடா?"

டாம்சின். நெல்சன் பக்கத்துப் பெண், இருபத்துநாலு வயது, இந்த வருஷம்தான் எங்கள் பிரிவில் ஓட்டுகிறாள். ஒரு பழைய வேனில் படுத்து, வேனில் சமைத்து, ரேஸுக்கு ரேஸ் தனியாக ஓட்டிக்கொண்டு வருவாள். கால் இரண்டும் கொக்குக்கு இருப்பதுபோல் நீளம். வாய் அதைவிட நீளம்.

"ஏமாத்த ஒண்ணுமில்ல. இன்னும் முடிவு பண்ணல" என்றேன்.

"யாரோ ஒரு அக்கா உங்களுக்குச் சொல்லுவாங்களாமே, டெஸ் சொன்னாரு. இத்தன வருஷமா நீங்களா எதையும் மாட்டினதே இல்லையாமே?"

"டெஸ்ஸுக்கு வேற வேலையில்ல."

"இல்ல, நல்லாத்தான் இருக்கு" என்றாள். தன் சைக்கிளின் சிவப்புக் குல்லாயைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கெல்லாம் யாரு சொல்றா? நானே கேட்டு நானே சொல்லிக்கணும். பாதி நேரம் பதிலே வராது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் ஹெல்மெட் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். முதலில் மேட்டின் முதுகில் ஓடும் அகலமான வனச்சாலை, கெட்டியான சரளை; பெரிய செயின்வீல்காரிகளுக்குக் கொண்டாட்டம். பிறகு வேர்களுக்கிடையே இறக்கம். அதன் கடைசியில், பள்ளத்திலிருந்து மறுபடி மேலே வரும் மஞ்சள் களிமண் ஏற்றம். அதற்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் பாவமன்னிப்பு. அதில் ஏறுகிறவர்கள் கடைசியில் மண்டியிட்டுத்தான் ஆகவேண்டும். அன்றைக்கு அது சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடந்தது. அதை முப்பத்தாறில்கூட ஏறலாம் போலிருந்தது. காற்று மட்டும் வடக்கிலிருந்து சூடாக வந்தது. எங்கள் ஊரில் அப்படி வந்தால் மறுநாள் தெற்கிலிருந்து குளிராகத் திரும்பி வரும்.

மேலே வந்ததும் போனைப் பார்த்தேன். ஒன்றுமில்லை.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிடவேண்டும். நைரி சொன்ன எண் எப்போதும் சரியாக இருந்ததென்று யாரும் நினைக்கவேண்டாம். ஒருமுறை ரோட்டோருவாவில் எனக்கு முப்பத்தாறு சொன்னாள். நான்காவது ஏற்றத்தில் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. கடைசிக்கு முந்தின ஆளாக வந்து, தண்ணீர்ப் புட்டியை அவள் தலையைப் பார்த்து எறிந்தேன். அது தப்பி, நடுவரின் சாண்ட்விச் தட்டில் போய் விழுந்தது. அன்றைக்கு நாங்கள் சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. ஆகவே எனக்கு வேண்டியது சரியான எண் இல்லை. என் கால் இந்த வருஷம் எப்படி இருக்கிறது, மனசு எப்படி இருக்கிறது, எவ்வளவு தலைக்கனம் ஏறியிருக்கிறது என்று ஒருத்தி ஒரு நிமிஷம் உட்கார்ந்து யோசிப்பாள் இல்லையா, அந்த நிமிஷம்தான் வேண்டியிருந்தது. அது இனி உண்டா இல்லையா என்று எனக்குத் தெரிந்தாகவேண்டும்.

வீட்டுக்கு வந்து காரைக் கொட்டகையில் விட்டேன். சுவரில் இரண்டு கொக்கி. ஒன்றில் என் சாலை சைக்கிள் தொங்குகிறது, நைரியின் சைக்கிள் தொங்கிய இன்னொன்று காலி. அதில் ஏதாவது மாட்டிவைக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், மாட்டுவதில்லை. டப்பாவில் அடைத்த சூப்பைச் சூடாக்கி, அடுப்புப் பக்கத்திலேயே நின்றபடி குடித்தேன். சைக்கிளில் இருந்ததையும் கழற்றி, சாப்பாட்டு மேஜையில் நான்கு செயின்வீலையும் வரிசையாகப் பரப்பினேன். முப்பது, முப்பத்திரண்டு, முப்பத்துநாலு, முப்பத்தாறு. விருந்துக்குத் தட்டு வைத்தமாதிரி இருந்தது.

மூன்று மணிக்குப் பதில் வந்தது.

"ஹாய் கிர்ஸ்டி! சாரி, இப்பதான் பார்த்தேன். இங்க ஒரே வேலை. எதை மாட்டினாலும் நீ கலக்குவ! உன்னை நெனச்சா ரொம்பப் பெருமையா இருக்கு." கடைசியில் ஒரு மஞ்சள் இதயம்.

இரண்டுமுறை படித்தேன். அன்பான செய்தி. ஒரு குற்றமும் சொல்லமுடியாது. கடையில் விற்கிற வாழ்த்து அட்டையில் இதைத்தான் அச்சடிப்பார்கள். பதினோரு வருஷத்தில் நைரி என்னை கிர்ஸ்டி என்று முழுப்பெயரில் கூப்பிட்டதில்லை. என்னை நினைத்துப் பெருமைப்பட்டதும் இல்லை. நான் தேசிய சாம்பியன்ஷிப்பில் மூன்றாவதாக வந்தபோது, "மேடையில நிக்கிறப்பவாவது மூக்கைத் தொடைச்சுக்கக்கூடாதா?" என்றுதான் சொன்னாள். இப்போது பெருமையாக இருக்கிறதாம். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், பதிலே அனுப்பாமல் விட்டிருந்தாலும் தாங்கியிருப்பேன். முன்பின் தெரியாதவளிடம் பேசுவதுபோல் மரியாதையாகப் பேசிவிட்டாள்.

கோபத்தில் முப்பத்தாறை எடுத்து மாட்டினேன். கேட்பாரில்லை அல்லவா, மாட்டினால் என்ன? போல்ட்டை முறுக்கிவிட்டு, சைக்கிளைத் தெருவுக்குக் கொண்டுபோய், எங்கள் தெரு ஏற்றத்தில் மிதித்தேன். எங்கள் ஊரில் தெருவும் மலைதான். பாதியில் இடது முட்டி முனகியது. ஒரு காலை ஊன்றி நின்றேன். நைரி இருந்தால் இந்நேரம் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்தேன். அவள் குரலிலேயே ஒரு வசவைக் கட்டிப் பார்த்தேன். வரவில்லை. வந்ததெல்லாம் பழையவை, ஏற்கெனவே சொன்னவை. புதிதாக ஒன்றை அவள்தான் சொல்லமுடியும்.

அப்போது முதல் தூறல் விழுந்தது. காற்று திரும்பிவிட்டது.

காரை எடுத்துக்கொண்டு மறுபடி மேட்டுக்குப் போனேன். அங்கே ஒருவரும் இல்லை. பள்ளத்துக்கு இறங்கி, பாவமன்னிப்பின் அடியில் குத்தவைத்து உட்கார்ந்து, ஈரமான மண்ணை விரலால் சுரண்டி உருட்டினேன். லேபில் தினமும் பிளாஸ்டர் குழைக்கிறேன். எவ்வளவு தண்ணீருக்கு எது வழுக்கும், எது பிடிக்கும் என்று விரலுக்குத் தெரியும். மேலே ஒரு மெல்லிய தோல் நனைந்திருந்தது, அடியில் காய்ந்து கிடந்தது. ராத்திரி முழுக்கப் பெய்தால் இது டயரில் ஒட்டி, சைக்கிளையே ஒரு பானையாக்கிவிடும். எழுந்து நின்று அழுத்தி மிதிப்பவள் பின்சக்கரம் வழுக்கி இறங்குவாள். உட்கார்ந்தபடி மெல்ல, விடாமல் சுற்றுபவள் மட்டுமே மேலே போவாள்.

வீட்டுக்கு வந்து முப்பத்தாறைக் கழற்றி முப்பதை மாட்டினேன். செயினைப் போட்டு, பெடலைக் கையால் சுற்றி, எல்லாக் கியரிலும் ஓடுகிறதா என்று பார்த்தேன். ஓடியது. என் காலுக்கு நானே மாட்டிய முதல் செயின்வீல். அதை ஒருவரிடம் சொல்லவேண்டும் போலிருந்தது, சொல்ல ஆளில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துறைமுகமே தெரியவில்லை, அவ்வளவு மழை. பள்ளிக்கூட நிதிக்காகப் பெற்றோர்கள் ஒரு கூடாரத்துக்கு அடியில் சீஸ் ரோல் சுட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். டெஸ் மழைக்கோட்டுக்குள்ளிருந்து மைக்கில் கத்திக்கொண்டிருந்தார். கோட்டில் வந்து நின்றோம், குல்லாய்களைக் கழற்றினோம். எல்லாத் தலையும் ஒரே நேரத்தில் குனிந்தன. முப்பத்துநாலு, முப்பத்துநாலு, முப்பத்திரண்டு. டாம்சினுடையது முப்பத்தாறு. பிறகு எல்லோரும் என்னுடையதைப் பார்த்தார்கள்.

"முப்பதா? என்னக்கா, பக்கத்து வீட்டுக் கொழந்தை சைக்கிள்லேந்து கழட்டிட்டு வந்தீங்களா?" என்றாள் டாம்சின்.

கோட்டில் சிரிப்பு எழுந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. என் வாய்க்குள் ஒரு பதில் தயாராகக்கூட வந்து நின்றது. அதற்குள் விசில் ஊதிவிட்டார்கள்.

வனச்சாலையில் என்னை எல்லோரும் தாண்டிப் போனார்கள். சமதளத்தில் முப்பது பல் என்றால் மாவு மிக்ஸி மாதிரி கால் சுற்றும், ஆள் அங்கேயே இருப்பாள். டெஸ் மைக்கில், "நம்மூர் கிர்ஸ்டி கடைசியில வர்றா, ஏம்மா, ஏதாவது தொலைச்சிட்டுத் தேடிகிட்டு வர்றியா?" என்றார். முதல் சுற்றில் களிமண் இன்னும் தாங்கியது, முன்னால் போனவர்கள் ஏறிவிட்டார்கள். தப்பான எண்ணா? தப்பானால் புட்டியை எறிய ஒரு தலைகூட இல்லையே.

இரண்டாவது சுற்றில் பாவமன்னிப்பு தன் வேலையைக் காட்டியது. வளைவில் திரும்பினால், எனக்கு முன்னால் ஐந்து பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கிறார்கள். காலணியிலும் மண், சக்கரத்திலும் மண். நான் ஆசனத்தின் நுனியில் உட்கார்ந்து, மூச்சை எண்ணாமல், வேகத்தைக் கூட்டாமல், கால் சுற்றும்படி விட்டேன். ஒவ்வொருத்தியாகப் பின்னால் போனாள். மூன்றாவது சுற்றில் இன்னும் இரண்டு பேர். நான்காவதில் டாம்சின். அவள் எழுந்து நின்று அந்த முப்பத்தாறை மிதித்தாள். பின்சக்கரம் ஒரு சுற்று வெறுமனே சுற்றியது, அவள் பக்கவாட்டில் களிமண்ணில் உட்கார்ந்தாள்.

"போறா பாரு கெழவி!" என்று என் முதுகுக்குப் பின்னால் கத்தினாள். "அக்கா, அந்தக் கொழந்தைகிட்ட கேட்டு எனக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க!"

கடைசிச் சுற்று முடிந்து கோட்டைத் தாண்டியபோது நான் இரண்டாவது. எனக்கு முன்னால் முப்பத்திரண்டு மாட்டிய ஆக்லாந்துக்காரி ஒருத்தி மட்டும். டெஸ் தன் தொண்டையையும் மைக்கையும் கிழித்துக்கொண்டிருந்தார். மருத்துவக் கூடாரத்துப் பெண் ஒரு போர்வையைத் தோளில் போட்டாள். நான் வழக்கப்படி வேலிக்கு இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். நானோ நைரியோ, யார் முதலில் வந்தாலும் அங்கேதான் நின்று காத்திருப்போம். அங்கே குப்பைக்கூடை இருந்தது.

எண் சரி. நூற்றுக்கு நூறு சரி. அதில் எனக்கு வந்திருக்கவேண்டிய சந்தோஷம் வரவில்லை. இத்தனை வருஷமும் இது எனக்கே தெரிந்திருக்கிறது, அவள் சொல்லவேண்டிய அவசியமே இருந்ததில்லை என்றாகிவிட்டதே என்று இருந்தது.

காருக்குள் உட்கார்ந்து, மண் கையோடு போனை எடுத்தேன். "ரெண்டாவது வந்தேன். முப்பது மாட்டினேன்" என்று எழுதினேன். அனுப்பவில்லை. அதற்கு என்ன வரும் என்று தெரியும், இன்னொரு மஞ்சள் இதயம் வரும். அப்போதுதான் தோன்றியது. சட்டம் இரண்டு பக்கமும் அல்லவா? அவளுடைய எண்ணை நான் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. எழுதியதை அழித்துவிட்டு, இதை அனுப்பினேன்:

"உனக்கு இருபத்தெட்டுடி. அந்த ஊர் பீரைக் குடிச்சு வளத்த வயிறு ஹேண்டில்பார்ல இடிக்கும், அதுக்கு மேல தாங்காது."

அனுப்பியதும் எனக்கே சிரிப்பு வந்தது. நல்ல வசவு. கண்ணாடியெல்லாம் என் மூச்சுப் புகை. போனைத் தொடையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று திரை காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது.

"ஹாஹாஹா! சைக்கிளை கிறிஸ்துமஸுக்கே வித்தாச்சு கிர்ஸ்டி. உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. ரேஸ் எப்படி இருந்துச்சு?"

வெளியே மழை விட்டிருந்தது. கூடாரத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். விற்றதைப் பற்றி ஒன்றுமில்லை, யாரும் எதையும் விற்கலாம். சொல்ல மறந்துவிட்டாள். இறங்கிப்போய்ப் பின்கதவைத் திறந்து, சைக்கிளை ஏற்றுவதற்காக முன்சக்கரத்தைக் கழற்றினேன். கை மட்டும் வேலை செய்தது.

"அக்கா!"

டாம்சின் வந்து நின்றாள். காதுவரை மஞ்சள் மண். ஒரு கையில் காகிதத்தில் சுற்றிய சீஸ் ரோல் இரண்டு. ஒன்றை என் கார் பம்பர்மேல் வைத்தாள்.

"ஆறிப்போச்சு, இருந்தாலும் தின்னலாம். நான் ஏழாவது. நடந்தே வந்துருந்தா நாலாவது வந்துருப்பேன்."

"நல்லாத்தான் ஓட்டின."

"எங்க நல்லா? முப்பத்தாறு! என் கொழுப்பு." ஒரு காலால் சரளையைக் கிளறினாள். பிறகு, ஏதோ சும்மா கேட்பதுபோல, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள். "அடுத்த வாரம் குவீன்ஸ்டவுன்ல ரேஸ் இருக்கில்ல. நான் எதை மாட்டட்டும்? நீங்க சொல்லுங்களேன். என்ன சொன்னாலும் மாட்டிக்கிறேன்."

என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாமலில்லை. மூன்று நாளாக நான் ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டிருந்ததைத்தான் இவள் என்னிடம் கேட்கிறாள். ஆனால் அந்த இடம் காலியாகிவிட்டது என்று அந்த நிமிஷத்தில் ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. போன் இன்னும் சட்டைப் பையில் சூடாக இருந்தது. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"எதை மாட்டினாலும் நீ கலக்குவ" என்றேன்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று, கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறமாதிரி, மூடிக்கொண்டது. எனக்கு அந்த முகம் தெரியும். நேற்று மூன்று மணிக்கு என் சாப்பாட்டு மேஜையில் நான் வைத்திருந்த முகம்.

"ஓ. சரிங்கக்கா. தேங்க்ஸ்" என்றாள். திரும்பி வேனுக்கு நடந்தாள்.

கூப்பிட்டிருக்கலாம். சக்கரம் கையில் இருந்தது, அதைக் கீழே வைத்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். வைத்து நிமிர்வதற்குள் வேன் கிளம்பி, பைன் மரங்களுக்கு அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் போன் நம்பர்கூட என்னிடம் இல்லை. நெல்சனுக்குப் போகிறாளா, நேராகக் குவீன்ஸ்டவுனுக்கா, ராத்திரி எங்கே நிறுத்திப் படுப்பாள், எதுவும் நான் கேட்டதில்லை.

காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். பக்கத்து இருக்கையில் நைரி பின்னிய குல்லாய் கிடந்தது. சீஸ் ரோலைக் கடித்தேன், ஆறித்தான் போயிருந்தது. குவீன்ஸ்டவுன் பாதை என் கண்முன்னால் ஓடியது. கல்லும் தூசியும், நீளமான ஏற்றம் ஒன்று, குட்டையான ஏற்றம் இரண்டு. அந்தப் பெண் களைத்துப்போனால் உடனே எழுந்து நின்று மிதிக்கிறாள், அது அவளுடைய கெட்ட பழக்கம். ஒரு நிமிஷம் ஆகியிருக்கும், அவ்வளவுதான்.

"முப்பத்திரண்டு" என்று சத்தமாகச் சொன்னேன். "அந்தக் கொக்குக் காலுக்கு முப்பத்தாறு ஒரு கேடா?"

புத்தம்புதிய வசவு. காருக்குள் என்னைத் தவிர ஒருவரும் இல்லை.